பேச்சு: வயதுக்கேற்ப

எழிலரசி கரண்டியைக் கீழே போட்டாள். கை தவறி இல்லை, வேணுமென்றேதான் போட்டாள். மகிழினி ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, துணிக்குப் போடுகிற கிளிப்புகளை ஒன்றின் வாயால் இன்னொன்றைக் கடிக்க வைத்து ரயில் செய்துகொண்டிருந்தாள். கரண்டி ‘ணங்’கென்று விழுந்து ரெண்டு தரம் குதித்து சிலிண்டர் காலடியில் போய் நின்றது. பிள்ளை திரும்பினாள். திரும்பினாளே! சத்தத்துக்குத் திரும்பினாளா, தரை அதிர்ந்ததற்குத் திரும்பினாளா? இந்த வீட்டுத் தரை அப்படி. மேல் வீட்டில் அம்மியை நகர்த்தினால் இங்கே டம்ளர் நடுங்கும். போன வாரம் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் தட்டைப் போட்டுப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. ஆனால் போர்வை மேல் விழுகிற தட்டு என்ன பெரிய சத்தம் போட்டுவிடும், ‘பொத்’தென்று விழுந்தது, அதற்கு இவளே திரும்பியிருக்க மாட்டாள். அப்புறம் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்து ஸ்பூனால் தட்டினாள். அதற்கும் இல்லை. சரி, விளையாட்டு மும்முரம். விளையாடுகிற பிள்ளை கூப்பிட்டவுடனே திரும்பிவிடுமா என்ன? இவளே சின்ன வயசில் பாண்டி ஆடும்போது அம்மா பத்துத் தடவை கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் பதினோராவது தடவை முதுகில் வாங்கிக்கொண்டவள்தான். ஆனால் அப்போது காதில் விழுந்ததே. விழுந்துதானே வாங்காமல் இருந்தாள். விழுந்ததை வாங்காமல் இருப்பதும் விழாமலே இருப்பதும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மணி ஒன்பது நாற்பது. பத்தரைக்கு ஜெஸ்லின் வருவாள். கரண்டியை எடுத்துக் கழுவினாள். ரயிலில் இன்னொரு பெட்டி சேர்ந்தது.

ஜெஸ்லின் டாக்டருக்குப் படிக்கிற பெண், இரண்டாம் வருஷம், இருபது வயசு, மார்த்தாண்டம் பக்கம். கல்லூரியிலிருந்து பஸ் வைத்து இந்த ஹவுசிங் போர்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆளுக்கு ஐந்து வீடு பிரித்துக் கொடுத்திருந்தார்கள், ஏழை பாழைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்தால் போதாது, நேரில் பார்த்துப் படிக்க வேண்டும் என்று. முதல் நாள் அவள் எட்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, வெள்ளைக் கோட்டின் பட்டனை மாற்றிப் போட்டிருந்தபடியே வாசலில் நின்று, “அக்கா, உங்க குடும்பத்தை நான் தத்து எடுத்திருக்கேன், கேட்டியளா” என்றாள். எழிலரசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னது?” “தத்து, அக்கா. காலேஜ்ல தந்திருக்காவ.” “தாயி, நாங்க அநாதை எல்லாம் இல்ல. இந்தப் புள்ளைக்கு அப்பன் இருக்காரு, சத்தீஸ்கர்ல போர்வெல் போட்டுக்கிட்டு இருக்காரு.” அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அது வெறும் திட்டத்தோட பேரு அக்கா, குடும்பத்தைத் தத்து எடுக்கிறதுன்னு, நான் மாசா மாசம் வந்து பிபி பாப்பேன், எடை பாப்பேன், நாலு கேள்வி கேப்பேன், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றாலும் அந்தச் சொல் போகவில்லை, அன்றைக்கு முழுக்க அரிசி களையும்போதும் துணி பிழியும்போதும் நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வயசில், கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்றவளை, இருபது வயசு ஒன்று வந்து தத்து எடுத்திருக்கிறது. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கின இடத்தில் என்னவோ ஒன்று சூடாக இருந்தது. யாராவது ஒருத்தர் இந்த எட்டு மாடியை ஏறி ‘நீ என் பொறுப்பு’ என்று சொல்ல வந்தார்களே. அதற்காகவே அடுத்த தடவை வருவதற்குள் வீட்டைத் துடைத்து, தண்ணீர்க் குடத்துக்கு மூடி வாங்கி, கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை என்றால் எழிலரசிக்குப் பயம் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள் அவள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் முன் பெஞ்சில் இவளைத்தான் உட்கார வைப்பார்கள். கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்குச் சரியான பதில் ஒன்று இருக்கும், அதைச் சொல்லிவிட்டால் சார் முகம் மலரும், அவ்வளவுதான் கணக்கு. ஜெஸ்லின் முதல் தடவை ஃபார்மைப் பிரித்து, தண்ணி காய்ச்சிக் குடிப்பியளா, கைக்கு சோப்பு போடுவியளா என்று கேட்டபோது இவள் கை தன்னாலே தூக்கப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பெரும்பாலும் உண்மைதான். அடுத்து, பாப்பா எத்தனை வார்த்தை பேசும் என்று கேட்டாள். அந்தக் கேள்வி வருமென்று இவளுக்கு முன்கூட்டியே தெரியும். அங்கன்வாடியில் கொடுத்த அட்டையில், பிள்ளை எந்த மாசத்தில் என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிற பக்கத்தை முந்தின நாளே படித்து வைத்திருந்தாள். ரெண்டு வயசுக் கட்டத்தில் ஒரு பெண் குழந்தை படம், வாயிலிருந்து குமிழ், குமிழுக்குள் ‘அம்மா வா’. “ரெண்டு ரெண்டு வார்த்தையா சேர்த்துப் பேசும்” என்றாள், அட்டையில் இருந்தபடியே, மூச்சு விடாமல். ஜெஸ்லின் முகம் மலர்ந்தது. “சூப்பர் அக்கா.” ஃபார்மில் என்ன எழுதினாள் என்று எழிலரசி தலைகீழாகவே படித்தாள்; தலைகீழாகப் படிப்பதும் பள்ளிக்கூடத்தில் கற்றதுதான், சார் மேஜைக்கு எதிரே நின்று. பேச்சு: வயதுக்கேற்ப. அதற்கடுத்த மாசமும் அதேதான். நடுவில் ஒரு மாசம் மழையென்று ஜெஸ்லின் போனிலேயே கேட்டாள், போனிலேயே வயதுக்கேற்ப. கேட்கிறவளும் பரீட்சை எழுதுகிறாள், சொல்கிறவளும் பரீட்சை எழுதுகிறாள், ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி பாஸ் போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து கிளிப்பைக் கடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது பிள்ளை, ரெண்டு வயசு ஏழு மாசம், ஒரு ‘அம்மா’கூடச் சொன்னதில்லை.

குக்கரை ஏற்றினாள். எப்போது தொடங்கியது என்று யோசித்தால் பிடி கிடைக்கவில்லை, ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று முடிச்சு விழுகிறது. ஒரு வயசு வரைக்கும் ஊர்ப்பட்ட பேச்சு பேசினாள் இவள் பிள்ளையிடம். வேறு யாரிடம் பேசுவது? புருஷன் தணிகை போர் வண்டியோடு போனால் வர எட்டு மாசம், பத்து மாசம். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவரைக்கும் ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டிலிருந்து ‘நூறு வயசு’ என்று குரல் வரும். அது அப்போது எரிச்சலாக இருந்தது, ஒரு ரகசியம் பேச முடியாது, புருஷனோடு ஒரு சண்டை போட முடியாது. குடிசைகளை எடுத்துவிட்டு இங்கே குலுக்கலில் வீடு கொடுத்தார்கள். குலுக்கிக் கொடுத்ததில் பக்கத்து வீட்டுக்காரி எந்த பிளாக்குக்குப் போனாள் என்றே தெரியவில்லை. இங்கே பக்கத்துக் கதவு நசீமாக்கா, காலையில் ஆறு மணிக்கு வேன் ஏறி ஏதோ கம்பெனிக்குத் துடைக்கப் பெருக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வரும், வந்தால் அலுப்பு. எதிர்க் கதவு பூட்டு. அதற்கடுத்த கதவுக்குள் யாரோ டிவி வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால்தான் அன்றைக்கு அதுவரை திறக்கவே இல்லை என்பது இவளுக்குத் தெரியும். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி வரும். ஊரில் இவளை ‘லொடலொடா’ என்பார்கள். லொடலொடாவுக்கு இங்கே சத்தம் போட ஒரு பாத்திரமும் இல்லை, பிள்ளை தவிர. பேசினாள். நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, வெண்டைக்காய் நறுக்கும்போது வெண்டைக்காயின் வீட்டுக் கதையைக்கூடச் சொன்னாள். பிள்ளை இவள் முகத்தையே பார்க்கும், வாயையே பார்க்கும், சிரிக்கும். பேச்சு பந்து மாதிரி, எறிந்தது திரும்பி வந்தால்தான் மறுபடி எறியத் தோன்றும். எறிந்து எறிந்து எதுவும் திரும்பி வராமல் போனபோது இவளும் கொஞ்சம் கொஞ்சமாக எறிவதை விட்டுவிட்டாள். எந்த நாளில் விட்டாள்? அதுதான் ஞாபகம் இல்லை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நான் விட்டதனால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா, பிள்ளைக்குப் பேச்சு வராததனால்தான் நான் விட்டேனா. ஊமை வீட்டில் பிறந்த பிள்ளை ஊமையாகத்தானே இருக்கும், தப்பு என்னுடையதாக இருந்தால் சரிசெய்துவிடலாம், இன்றைக்கே வாயைத் திறந்து நாள் முழுக்கப் பேசினால் போச்சு. தப்பு என்னுடையதாக இருக்கட்டும் சாமி. குக்கர் விசில் அடித்தது. முதல் விசில். பிள்ளை ரயிலுக்கு வளைவு வைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டாவது விசில், நீளமாக, எழிலரசியே தோளைத் தூக்கிக்கொள்கிற மாதிரி. வளைவு திருப்தியாக இல்லை போலிருக்கிறது, பிரித்து மறுபடி வைத்தாள்.

போன். தணிகையை நினைத்தால் போன் ஞாபகம் வரும், போன் ஞாபகம் வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், அது வரக் கூடாது என்று அடுப்பை அணைத்துத் துடைத்தாள், வந்துவிட்டது. வாரம் ஒரு தடவை, சிக்னல் கிடைத்தால், வண்டி நிற்கிற இடத்தில் ஏதாவது மேட்டில் ஏறி நின்றுகொண்டு பேசுவான். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல். “புள்ளைகிட்ட குடு, குரலக் கேக்கணும்.” குடுத்தால் பிள்ளை போனை நக்கும், கன்னத்தில் தேய்த்துக்கொள்ளும், திருப்பித் திருப்பிப் பார்க்கும். “என்னடி பேசவே மாட்டேங்குது?” “தூங்கி எழுந்திருக்கு, மந்தமா இருக்கு.” “வாயில சோறு வச்சிருக்கு.” “உங்ககிட்ட கோவமாம்.” சாக்குகள் எல்லாம் தீர்ந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் குரல் ஒரு மாதிரி இறங்கி, “என்னைய மறந்துடுச்சு போல” என்றான். அதைக் கேட்டு இவளுக்கு என்ன ஆச்சோ, போனைப் பிள்ளை வாயருகே வைத்து, தன் வாயைச் சுருக்கி, மூக்கால், “ப்பா” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும். அப்புறம் அவன் கத்தினான், யாரையோ பார்த்து, டேய் எம்பொண்ணு பேசிட்டாடா, என்று. சிரிப்பும் கூச்சலும் கேட்டது, யாரோ ஒருத்தன் விசிலடித்தான். இவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் ‘ப்பா’ சொல்ல வேண்டியதாகிவிட்டது. போன வாரம் ‘ப்பா வா’. அட்டைப்படி அதுதான் சரி. வயதுக்கேற்ப.

இருந்தாலும் நம்பிக்கை என்பது லேசில் விடுகிற சாமான் இல்லை. ஒவ்வொரு நாளும் எங்கேயாவது ஒரு துண்டு கிடைக்கும். மோட்டார் போட்டால் பிள்ளை ஓடிப்போய் சுவரில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரிப்பாள், தண்ணீர் ஏறுகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. பாரு, மோட்டார் சத்தம் கேட்டு ஓடுறா என்று ஒரு மாசம் அந்த ஒரு துண்டையே வைத்துப் பிழைப்பு ஓட்டினாள். ஆடி மாசம் கீழே கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நல்ல மத்தியானம், பம்பைக்காரர்கள் பிளாக்குக்கு பிளாக் வந்தார்கள். எழிலரசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பம்பை கிட்டத்தில் வர வர மகிழினிக்கு ஒரே குஷி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குதித்தாள். கேட்குது, கேட்குது, இதோ ஆடுதே என்று எழிலரசிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்போது எவனோ பின்னால் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். பெரிய வெடி. எழிலரசி குலுங்கினாள், பம்பைக்காரர் தாளம் தவறினார், சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் வீலென்று கத்திக் காதைப் பொத்திக்கொண்டார்கள். மகிழினி கத்தவில்லை. இவள் குலுங்கின குலுக்கலில் அண்ணாந்து இவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள், ஒவ்வொருத்தராக. எல்லாரும் காதில் கையை வைத்திருக்கிறார்களே என்று பார்த்துவிட்டு, மெதுவாக, பாடம் எழுதுகிற மாதிரி, தானும் ரெண்டு கையையும் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, சரியா என்று இவளைப் பார்த்துச் சிரித்தாள். வெடி வெடித்து அவ்வளவு நேரம் கழித்து. அந்தச் சிரிப்பு எழிலரசிக்குத் தெரிந்த சிரிப்பு. முன் பெஞ்சுச் சிரிப்பு. அம்மாவைப் போலவே பிள்ளையும் சரியான பதிலைப் பார்த்து எழுதிவிட்டது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி ஆக்கத்தான் தட்டும் கரண்டியும் போர்வையும்.

பத்து ஐந்து. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? ஜெஸ்லினு, ஒரு விஷயம். இல்லை, அப்படித் தொடங்கினால் அந்தப் பெண் பயந்துபோகும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், அட நம்ம பாப்பா கொஞ்சம் லேட்டு போலிருக்கு, என்று. அப்படிச் சொன்னால் அதுவும் சிரித்துவிட்டு, சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும் அக்கா என்று எழுதிக்கொண்டு போய்விடும், அதைக் கேட்டு நானும் மனசைத் தேற்றிக்கொண்டு இன்னும் ஆறு மாசம் ஓட்டுவேன். கேள்வி வரட்டும், அந்தக் கேள்வி வரும்போது சொல்லலாம். எத்தனை வார்த்தை பேசும் என்று கேட்டால், ஒண்ணும் பேசாது. ரெண்டு சொல், அவ்வளவுதானே, ஒண்ணும் பேசாது. ஆனால் போன மாசம் வந்தபோது, எங்க பேட்ச்லயே உங்க குடும்பம்தான் பெஸ்ட் அக்கா, பாப்பா போட்டோ போட்டு நான் பேசினேன், மேடம் எல்லாரையும் கைதட்டச் சொன்னாவ, என்று சொன்னாளே. அந்தக் கைதட்டலை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவளுக்கு மார்க் குறைத்துவிடுவார்களா? பொய் சொன்ன குடும்பம் என்று வேறு யாரிடமாவது மாற்றிவிடுவார்களா? எப்படியும் இன்றைக்குக் கடைசி. நேற்று போனில் சொன்னாள், இந்த பிளாக்கை ஜூனியருங்களுக்குக் கொடுத்துட்டாவ அக்கா, நாளைக்கு முடிச்சுட்டு ஃபைல் குடுக்கணும். சொன்னபோது எழிலரசி ‘அப்படியா, நல்லா படி தாயி’ என்றாள், குரலில் ஒரு கீறல் இல்லாமல். வைத்துவிட்டு, காய்ந்த துணியையே மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டாள். இவளிடம் சொல்லாவிட்டால் இனி வருகிறவளிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவளும் அதே ஃபார்மைப் பிரிப்பாள், அவள் முகமும் மலரும். தணிகைக்கு? தணிகைக்கு என்ன சொல்வது? நீங்க கேட்ட குரல் என் குரல். இதை எந்த வாயால் சொல்வது, எந்த வாயால் ‘ப்பா’ சொன்னேனோ அதே வாயால்தான். படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஏழாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். எழிலரசி முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிள்ளை நிமிரவில்லை. வாசலில் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து, யாரென்று பார்த்து, ஓடிப்போய் வெள்ளைக் கோட்டைக் கட்டிக்கொண்டாள்.

“எக்கா! இந்த லிஃப்ட்டை இன்னுமா சரியாக்கல?”

“சரியாயிட்டா அப்புறம் நீ எப்படி இளைக்கிறது? உக்காரு. மோர் இருக்கு.”

“தாங்க தாங்க. மேடம் கீழ அங்கன்வாடில உக்காந்திருக்காவ, பதினொண்ணரைக்குள்ள ஃபைலோட நிக்கணும், கேட்டியளா.” தரையில் சம்மணம் போட்டு, பையிலிருந்து பிபி மெஷினை எடுத்தாள். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட். “இது பாப்பாவுக்கு. கடைசி விசிட்ல்லா.”

“எதுக்கு இதெல்லாம்?”

“தத்து எடுத்தவ வெறுங்கையோட வரலாமா?”

ரெண்டு பேரும் சிரித்தார்கள். பிபி பார்த்தாள். எடை பார்த்தாள், பிள்ளை மெஷின் மேல் நின்று குதித்ததில் முள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஃபார்ம். தண்ணி, சோப்பு, கீரை, முட்டை, குப்பை. எழிலரசி பதில் சொல்லிக்கொண்டே போனாள், வாய் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, நெஞ்சு அடுத்த வரி அடுத்த வரி என்று அடித்துக்கொண்டிருந்தது. இதோ, மூன்றாவது பக்கத்தின் அடியில். ஒண்ணும் பேசாது. ஒண்ணும் பேசாது. ஜெஸ்லின் பக்கத்தைத் திருப்பினாள். பேனா அந்த வரிக்கு வந்தது. நிற்கவில்லை. எழுதிக்கொண்டே அடுத்த வரிக்குப் போய், “தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுல்லா?” என்றாள். எழிலரசி தலைகீழாகப் படித்தாள். வயதுக்கேற்ப. கேட்கவே இல்லை. கேள்வியே வரவில்லை. கேள்வி இல்லாமல் இவள் வாழ்க்கையில் ஒரு பதிலும் சொன்னதில்லை; கேட்காததைச் சொன்னால் சார் ‘முந்திரிக்கொட்டை’ என்பார், வகுப்பு சிரிக்கும். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். யாரும் கேட்கவில்லை, பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேனா இறங்கிக்கொண்டே போகிறது, இன்னும் நாலு வரி, மூன்று வரி.

“அது தப்பு” என்றாள்.

“எது அக்கா?”

“நீ எழுதினது. பேச்சுன்னு போட்டு எழுதினியே, அது.”

ஜெஸ்லின் பார்த்தாள். “நீங்கதானே சொன்னிய?”

“நான் சொன்னதும் தப்பு. அட்டையில இருந்ததைச் சொன்னேன். அது ஒரு வார்த்தை பேசாது ஜெஸ்லினு. காதும்...” அதற்கு மேல் வரவில்லை. வரவழைத்தாள். “காது கேக்கல போல.”

ஜெஸ்லின் ஃபார்மைக் கீழே வைத்தாள். பிள்ளை கிளிப்பு ரயிலுக்குத் திரும்பிப் போயிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஜெஸ்லின் சத்தம் போடாமல் எழுந்து, தரை அதிராமல் வெறும் காலால் நடந்து, பிள்ளைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி மண்டி போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பிஸ்கட் பாக்கெட்டை வலது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கசக்கினாள். சரசரவென்று வீடு முழுக்கக் கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில். கசக்கினாள், நீளமாக. பிள்ளை திரும்பவில்லை. எந்தத் துண்டும் கிடைக்கவில்லை. தரை இல்லை, சுவர் இல்லை, நிழல் இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சம் இல்லை. மூன்றாவது தடவை பாக்கெட் ஜெஸ்லின் கையிலிருந்து நழுவிப் பிள்ளையின் மடியில் விழுந்தது. மகிழினி அதைப் பார்த்தாள், கொள்ளை சந்தோஷத்தோடு எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பிள்ளை பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.

“நான் ஒரு தடவையாவது இப்படிப் பாத்திருக்கணும்” என்றாள் ஜெஸ்லின். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு, மூக்கு நுனி சிவந்திருந்தது. “கூப்பிட்டுக்கூடப் பாக்கல அக்கா. நீங்க சொன்னிய, எழுதினேன். போட்டோ வேற போட்டு... மேடம் என்னையக் கொன்னே போட்டுருவாவ.”

எழிலரசிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவளைவிட ஆறு வயசு சின்னது. “கொல்லட்டும். பொய் சொன்னவ நான், எழுதினவ நீ. ரெண்டு பேரும் சேர்ந்தே நின்னு வாங்கிக்குவோம். எழுந்திரு.”

“இப்பவா?”

“உங்க மேடம் பதினொண்ணரைக்குப் போயிடுவாங்கல்ல?”

ஜெஸ்லின் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஃபார்மை எடுத்து, அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். மேலே என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்து, எழுதாமல் மூடினாள். “காதுக்குத் தனியா மெஷின் வச்சு டெஸ்ட் எடுப்பாவ அக்கா. எவ்வளவு கேக்குது, கேக்கலைன்னு அதுலதான் தெரியும். என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, கேட்டியளா. கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா...” நிறுத்திக்கொண்டாள். எழிலரசிக்கு மீதி வாக்கியம் கேட்டது. அது அவள் எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கியம்தான். சிலிண்டரை மூடினாள், அட்டையை எடுத்துக்கொண்டாள், பிள்ளைக்குச் செருப்பு மாட்டினாள், பூட்டினாள். கை எல்லாம் தன்பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே மட்டும் வீடு காலி பண்ணினாற்போல் இருந்தது, சாமான் எல்லாம் எடுத்த பிறகு கூடத்தில் நின்றால் இருக்குமே, அந்த மாதிரி.

இறங்கினார்கள். ஜெஸ்லின் முன்னால், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பிள்ளை இடுப்பில், பிஸ்கட் தூளை எழிலரசியின் தோளில் உதிர்த்துக்கொண்டு. ஏழு. ஆறு. இன்றைக்கு வெள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது, அவன் மேட்டில் ஏறி நின்று, குடு அவகிட்ட என்பான். அதற்குள் ஒரு வாக்கியம் தயார் செய்ய வேண்டும். என்னங்க, நான் ஒண்ணு சொல்றேன் கோவப்படாதீங்க. வேண்டாம். என்னங்க, நீங்க எப்ப வருவீங்க. அதுவும் வேண்டாம், அப்படிக் கேட்டால் அழுதுவிடுவாள். அவன் கத்துவான். கத்தட்டும். கத்தி முடித்த பிறகு அவனும் அங்கே கம்ப்ரசர் இரைச்சலில் தனியாகத்தான் நிற்பான், எட்டு மாடி உயரம் இல்லாத ஏதோ ஒரு மேட்டில். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் ஒரு அம்மா குடத்தைப் படியில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்று வருஷத்தில் இந்தப் படிக்கட்டில் எழிலரசி அவளை நூறு தடவையாவது பார்த்திருப்பாள், பெயர் தெரியாது. அவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள்.

“என்னம்மா, யாருக்கு என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றுதான் வாய் திறந்தது. இந்தக் கட்டடத்தில் யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. பாதியில் நின்றது.

“புள்ளைக்குக் காது கேக்கலங்க” என்றாள் எழிலரசி. “காட்டப் போறேன்.”

படிக்கட்டு அந்தக் குரலை மேலேயும் கீழேயும் கொண்டுபோனது. அந்த அம்மா குனிந்து, நிறைந்த குடத்தை ரெண்டு கையாலும் பிடித்துச் சுவரோரம் நகர்த்தி, தானும் ஒட்டி நின்று வழி விட்டாள்.